உயிரணுக்களுக்கு இடையே ஒரு மதில்

நம் தோலும் குடலும் சிறுநீரகக் குழாய்களும் உயிரணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட சுவர்களைப் போன்றவை. செங்கற்களை எவ்வளவு நெருக்கி வைத்தாலும், இடையில் பூச்சு இல்லாவிட்டால் தண்ணீர் கசியத்தானே செய்யும்? குடலில் உள்ளது இரத்தத்தில் கலந்துவிடாமலும், உடலின் நீர் தோல் வழியே வெளியேறிவிடாமலும் காக்கும் பூச்சை வல்ல அல்லாஹ் இந்த அணுக்களுக்கு இடையிலும் அமைத்திருக்கிறான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இணைப்பு 1960களிலேயே தெரிந்தது. ஆனால் இடைவெளியை உண்மையில் அடைத்து நிற்கும் புரதம் எது என்பது அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் புலப்படவில்லை.

அதைக் கண்டறிந்தவர் ஜப்பானைச் சேர்ந்த சோயிச்சிரோ சுகிதா. கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருடைய குழுவினர் கோழிக்குஞ்சுகளின் ஈரலிலிருந்து அந்த இணைப்புகளைப் பிரித்தெடுத்து, 1993இல் ஒரு புரதத்தைக் கண்டு ‘ஆக்லூடின்’ என்று பெயரிட்டார்கள். தேடியது கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். சுகிதாவின் குழு அதோடு நிற்கவில்லை. அணுக்களின் உட்கருவில் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். ஆக்லூடின் இல்லாமலும் மதில் எழுந்தது! அப்படியானால் மதிலைக் கட்டுவது வேறு ஏதோ ஒன்று. தாங்கள் புகழ்பெறக் காரணமான கண்டுபிடிப்பின் குறையைத் தாங்களே வெளியிட்டு, மறுபடியும் அதே கோழி ஈரலுக்குத் திரும்பினார்கள். 1998இல் இரண்டு புரதங்கள் கிடைத்தன. மூடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ‘கிளாடின்’ என்று பெயர் வைத்தார்கள். இவ்வகைப் புரதங்கள் மனித உடலில் இருபதுக்கும் மேல் உண்டு என்பது பின்னர் தெரிந்தது.

இவற்றில் ஒன்று இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் ஒரே நாளில் இறந்தன. உடலின் நீரெல்லாம் தோல் வழியே கசிந்துவிட்டது. இந்த ஆய்வு 2002இல் வெளியானது. சுகிதா 2005இல், 52ஆம் வயதில், கணையப் புற்றுநோயால் காலமானார். தம் தேடலின் கதையை இளம் ஆய்வாளர்களுக்காக ஒரு சிறு நூலாக எழுதிவிட்டுப் போனார்.

கோழி ஈரலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? 2001இல், பிறவியிலேயே காது கேளாதவர்கள் பலர் இருந்த இரண்டு பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, 14ஆம் எண் கிளாடினின் மரபணு பழுதுபட்டிருந்தது. காதின் உட்புறத்தில் திரவங்களைப் பிரித்து நிறுத்தும் மதிலில் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. அது இல்லையேல் ஒலியை உணரும் நுண்ணணுக்கள் மடிந்துவிடும். இரண்டு குடும்பங்களிலும் சொந்தத்துக்குள்ளேயே திருமணம் செய்துவந்திருந்தார்கள்.

ஒவ்வொரு மரபணுவும் உட்கருவில் இரண்டு படிகளாக இருக்கிறது: தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. இவ்வகைக் குறைபாட்டில் ஒரு படி மட்டும் பழுதானால் ஒன்றும் ஆகாது. நம்மில் பலர் அப்படி ஏதேனும் ஒரு பழுதைச் சுமந்தபடி நலமாகவே இருக்கிறோம். இரண்டு படிகளும் பழுதானால்தான் குறை வெளிப்படும். மாமா மகள், மாமி மகன் ஆகியோருக்குப் பாட்டனார் ஒருவரே என்பதால், இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் குழந்தைக்குக் குறை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே, ‘மருமகள் வந்த நேரம்’, ‘பெற்றவளின் குறை’ என்று வீட்டுப் பெண்ணைப் பேசுவதற்கு இதில் இடமே இல்லை.

இந்த உறவுகளில் நிக்காஹ் செய்வது மார்க்கத்தில் ஆகுமானது, கட்டாயமானது அல்ல. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் மணந்தோருக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. எனவே ஏற்கெனவே மணந்தவர்கள் கலங்க வேண்டாம். ஆனால் குடும்பத்தில் காது கேளாதவர்களோ, சிறு வயதிலேயே சிறுநீரகம் கெட்டவர்களோ இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பந்தம் பேசும்போது இதை மறைப்பது இரு வீட்டுக்கும் செய்யும் அநீதி.

குழந்தை பிறந்தவுடன் செவித்திறன் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். குழந்தை தூங்கும்போதே, வலியில்லாமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். குறை இருப்பது முதல் சில மாதங்களிலேயே தெரிந்தால் கருவியும் பேச்சுப் பயிற்சியும் நல்ல பலன் தரும். ‘மூன்று வயதில் தானாகப் பேசும், அவன் அத்தாவும் அப்படித்தான்’ என்று காத்திருந்தால் வீணாவது பேச்சு பதியும் காலம். தேவைப்படும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவைச் சிகிச்சை தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.