மிங்கலாடோனில் இறங்கியவருக்கு டாக்டர் சிக்கலில்லை, கவுன்ட்டர்தான்

பர்மிய மொழி தெரியாவிட்டால் யாங்கூனில் டாக்டரையே பார்க்க முடியாது என்ற பயம், அந்நகரின் மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே பலருக்கு வந்துவிடுகிறது. ஆனால் மியான்மரில் மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில்தான். மருந்துச் சீட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மொழி உதைப்பது டாக்டர் அறைக்கு வெளியே: போனை எடுப்பவரிடமும் பெயர் பதிபவரிடமும் டோக்கன் கூப்பிடுபவரிடமும்.

'பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே' என்பார்கள். மிங்கலாடோனில் உள்ள அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ராணுவத்துடையது. வெளிநாட்டவர் நகருக்குள் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போவதே நல்லது.

'ஆப் பார்த்துக்கொள்ளும்' என்பது பாதி உண்மை. கூகுள் டிரான்ஸ்லேட்டில் பர்மியம் 2014 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்நாட்டினர் பல ஆண்டுகள் ஸாஜி என்ற எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். அரசு யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்தது 2019 அக்டோபர் 1. பழைய போனிலிருந்து ஸாஜியில் பதில் வந்தால் ஆப் அதைக் குப்பையாக்கித் தரலாம். தமிழில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாகப் படிக்கிற கதைதான். எனவே தேதி, நேரம், பெயர் மூன்றையும் எளிய ஆங்கிலத்தில் எழுதி அனுப்பி, பதிலையும் ஆங்கில எண்களிலேயே கேளுங்கள். சென்னையிலிருந்து பதிவு செய்பவர் கவனிக்க: அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

எண்ணிலும் ஏமாறலாம். பர்மிய இலக்கத்தில் சுழியம் முழு வட்டம். ஒன்றும் எட்டும்கூட வட்டம்தான், வாய் திறந்திருக்கும் இடம் மட்டும் மாறும். டோக்கன் 18-ஆ 81-ஆ என்று சீட்டை நீட்டியே கேட்டுவிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நமக்கு வசதி. பர்மியருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் கேட்பது அங்கே சகஜம். இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள்.

 

'தமிழர் யாராவது கிடைப்பார்' என்பதும் உண்டு. கிடைப்பார்தான். ஆனால் 1960-களில் அங்கிருந்து பல லட்சம் இந்தியர் வெளியேறிய பிறகு வளர்ந்த தலைமுறையில் பலருக்குத் தமிழைவிடப் பர்மியமே சரளம். கவுன்ட்டரில் பேச அவர் போதும். டாக்டர் அறைக்குள்ளும் அழைத்துப் போவதா என்பது நோயைப் பொறுத்தது. சில விஷயங்களைத் தெரிந்தவர் காதில் போடாமல் டாக்டரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் நேரே சொல்வதுதான் உசிதம்.