இளம் நன்னடத்தை அலுவலருக்கு ஒரு கடிதம்



குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா, பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டுக் கண்காணிப்பதா என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் முன் அவரைப் பற்றி விசாரித்து அறிக்கை தருவதே, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் நன்னடத்தை அலுவலரிடம் ஒப்படைத்துள்ள வேலைகளில் தலையானது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றங்களில் இத்தகைய விடுவிப்புக்கு அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. குற்றவாளி 21 வயது நிறையாதவராயின் 6-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்று, அலுவலரின் அறிக்கையை வரவழைத்துப் பார்க்கவும், அதன் பின்னும் சிறைத்தண்டனையே விதிப்பதானால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதியவும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர் அறிக்கையை ஒரு நற்சான்றிதழ் போல எண்ணி, இளைஞன் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்புச் சொல்ல முற்படுவது இயல்பு. ஆனால் நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவது, அவன் எந்தச் சூழலில் குற்றம் செய்தான், விடுவிக்கப்பட்டால் எந்தச் சூழலுக்குத் திரும்புவான், அச்சூழலில் எதை மாற்ற முடியும் என்ற விவரம்தான்.

அந்த விவரம் ஏன் முக்கியம் என்பதை உணர, சிறை யாரால் நிரம்பியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 4,36,266 பேருக்கு மட்டுமே இடமிருந்த இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் அடைக்கப்பட்டிருந்தனர்; அவர்களில் 4,34,302 பேர், அதாவது ஏறத்தாழ 76 விழுக்காட்டினர், வழக்கு முடியாமலேயே உள்ளே இருந்த விசாரணைக் கைதிகள். விசாரணைக் கைதிகளை மட்டும் கொண்டே நாட்டின் சிறைகள் அனைத்தையும் ஏறக்குறைய நிரப்பியிருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். ஜாமீன் ஆணை கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களும் இவர்களில் உண்டு. 1978-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த மோதிராம் வழக்கில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் ஏழைக் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் வழங்கியிருந்தும், கீழமை நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது; அவருடைய சகோதரர் முன்வந்தபோது, அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதைக் காரணம் காட்டி மறுத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறி எழுதிக்கொடுத்தாலே போதும் என்று அவரை விடுவித்தார். வீட்டு வரி ரசீதும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கையில் உள்ள ஒருவரைத் தேடி அலையும் குடும்பங்களுக்கு அந்தக் கொத்தனாரின் நிலை இன்றும் புதிதன்று. ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகைக்காக 40,000 ரூபாய் வரையிலும் அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரையிலும் அரசே உதவ 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. வறுமை சிறைக்காவலை நீட்டிக்கிறது என்பதற்கு அந்தத் திட்டமே சான்றாகும்.

சிறையின் செலவு என்றவுடன் உணவு, கட்டடம், காவலர் ஊதியம், நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் வழிக்காவல் ஆகியவற்றைக் கூட்டி, கைதி ஒருவருக்கு இவ்வளவு என்று வகுத்துக் காட்டுவது வரவு செலவுத் திட்டத்தின் வழக்கம். அந்தக் கணக்கில் சேராத செலவை ஏற்பது கைதியின் வீடு. தினக்கூலியாக இருந்தவர் உள்ளே போனதும் வருமானம் நின்றுவிடுகிறது. வழக்கறிஞருக்கும் வாய்தாவுக்கும் பணம் புரட்ட நகை அடகுக்குப் போகிறது, இல்லையேல் கந்துவட்டிக் கடன் ஏறுகிறது. வெளியூர் மத்தியச் சிறைக்கு மனு பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், அதாவது கைதியை நேரில் சந்திக்க அனுமதி பெற்றுப் போகும்போதெல்லாம், மனைவியோ தாயோ ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்தே இழக்கிறார். மூத்த பிள்ளை பள்ளியை விட்டு வேலைக்குப் போனால் அந்த இழப்பு அடுத்த தலைமுறைக்கும் நீள்கிறது. எனவே அறிக்கையில் குடும்பத்தின் பொருளாதார நிலை என்ற தலைப்பின் கீழ் ‘ஏழ்மை’ என்று ஒரே சொல்லில் எழுதி முடிப்பது போதாது. சம்பாதிப்பவர் யார், கடன் எவ்வளவு, இவர் சிறைக்குப் போனால் வாடகையை யார் கட்டுவார் என்ற அளவுக்காவது எழுதினால்தான், தண்டனை உண்மையில் யார்மீது விழப்போகிறது என்பது நீதிபதிக்குத் தெரியும்.

இவ்வளவு செலவுக்கும் ஈடாகச் சமூகத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்ற கேள்விக்கு, மறுகுற்றம் பற்றிய ஆய்வுகள், அதாவது விடுதலையானவர் மீண்டும் குற்றத்தில் ஈடுபடுவதைக் கணக்கிடும் ஆய்வுகள், தெம்பூட்டும் விடை தரவில்லை. அமெரிக்காவில் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து 2005-இல் வெளிவந்தவர்களைப் பின்தொடர்ந்த அந்நாட்டு நீதித்துறைப் புள்ளியியல் பணியகம், மூன்று ஆண்டுகளுக்குள் 68 விழுக்காட்டினரும் ஒன்பது ஆண்டுகளுக்குள் 83 விழுக்காட்டினரும் மறுபடி கைதானதாக 2018-இல் அறிவித்தது. நார்வேயில் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் தண்டனை பெறுவோர் சுமார் 20 விழுக்காட்டினர் என்று பரவலாகச் சொல்லப்படுவதை இதனோடு நேராக ஒப்பிடுவது பிழையாகும், ஏனெனில் முதலாவது எண்ணுவது கைதுகளை, இரண்டாவது எண்ணுவது தண்டனைகளை. அவை பின்தொடரும் கால அளவும் வேறு. சிறைத்தண்டனையையும் சிறைக்கு வெளியே நிறைவேற்றப்படும் தண்டனையையும் ஒப்பிட்ட 116 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, சிறை மறுகுற்றத்தைக் குறைப்பதில்லை என்றும், சற்றே கூட்டவும் கூடும் என்றும் முடிவு கண்டது. சிறையில் கழிந்த மாதங்களில் வேலை போயிருக்கும், வாடகை வீடு கைமாறியிருக்கும், உறவு விலகியிருக்கும். விடுதலையான அன்று வாசலில் காத்திருப்பது பழைய கூட்டாளி மட்டுமே என்றால், அடுத்த குற்றத்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அறிக்கையில் சூழலை விட்டுக் குணத்தை எழுதுவதில் உள்ள ஆபத்தைத் தமிழகம் தன் வரலாற்றிலேயே கண்டிருக்கிறது. 1871-இல் பிறந்து, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம், தென்மாவட்ட மக்கள் ரேகைச் சட்டம் என்று அழைத்த அந்தச் சட்டம், பிறப்பையே குணமாகப் பதிவேட்டில் ஏற்றியது. பெருவிரல் ரேகை வைப்பதும், இரவில் ஆஜராவதும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு பெறுவதும் குற்றம் ஏதும் செய்யாதவர்களின் அன்றாடக் கடமைகளாயின. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947-இல் நீக்கியபோதும், ‘வழக்கக் குற்றவாளி’ என்ற புதிய பெயரில் பழைய ஐயம் சிறைக் கையேடுகளில் தொடர்ந்தது. சாதியின் பெயரால் சிறைக்குள் வேலை பிரிப்பதையும், அச்சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினர்மீது ‘வழக்கக் குற்றவாளி’ என்ற பெயரைச் சுமத்துவதையும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில்தான் கண்டித்தது. ‘அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் இல்லை’ என்று எழுதத் தோன்றும்போது, அப்படிச் சொன்னவர் எந்தத் தெரு, அவருக்கும் அந்த வீட்டுக்கும் வாய்க்கால் தகராறோ சாதிப் பகையோ உண்டா, குறிப்பிட்டுச் சொல்லத்தக்க செயல் எதையாவது அவர் கண்டாரா என்று கேட்காமல் அந்த வரியைச் சேர்ப்பது, பழைய பதிவேட்டில் மேலும் ஒரு பெயரை ஏற்றுவதற்குச் சமமாகும்.

ஆகவே விசாரணை காவல் நிலையத்தில் தொடங்கினாலும் அங்கேயே முடிந்துவிடக் கூடாது. வீட்டுக்கு ஒரு முறை பகலிலும், எல்லோரும் வேலை முடிந்து திரும்பியிருக்கும் மாலையில் ஒரு முறையும் போவது நல்லது. பட்டறை முதலாளியோ மேஸ்திரியோ மீண்டும் வேலை தருவதாகச் சொன்னால், என்ன வேலை, என்ன கூலி, எந்த நாள் முதல் என்பதை எழுதி, முடிந்தால் கையொப்பமும் பெற வேண்டும். ‘வேலைவாய்ப்பு உள்ளது’ என்ற பொதுவான வரியைவிட ‘டிங்கரிங் பட்டறையில் உதவியாளராகத் திங்கட்கிழமை முதல் சேர்த்துக்கொள்ள உரிமையாளர் ஒப்புகிறார்’ என்ற வரிக்கு நீதிமன்றத்தில் எடை அதிகம். பாதிக்கப்பட்டவரையும் சந்திக்க வேண்டும், ஏனெனில் இழப்பீடு வழங்க ஆணையிடும் அதிகாரத்தை 5-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குத் தருகிறது. திருடப்பட்ட செல்பேசிக்கு உரிய பணத்தைத் தவணையில் பெற அவர் ஒப்புகிறாரா என்பது அறிக்கையில் இடம்பெறத்தக்க செய்தி. குடிப்பழக்கம், பழைய வழக்கு, வீட்டில் வன்முறை போன்ற பாதகமானவற்றை மறைப்பது இரக்கமாகாது. ஒருமுறை மறைத்தது தெரிந்துவிட்டால், அந்த அலுவலரின் அடுத்த அறிக்கைகளில் உள்ள உண்மைகளும் நம்பப்படாமல் போகும். வெளியே விடுவது பொருந்தாத வழக்குகளும் உண்டு. அவற்றில் அவ்வாறே எழுதுவதும் இப்பணியின் கடமை.

விடுவிப்பு ஆணையோடு வேலை முடிவதில்லை. கண்காணிப்பிலுள்ளவருக்குத் தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடித்தர முயல்வதையும் 14-ஆம் பிரிவு அலுவலரின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. மாதந்தோறும் அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கையெழுத்து வாங்குவது மட்டுமே கண்காணிப்பு ஆகிவிட்டால், அது கூலிக்காரரின் ஒரு நாளைப் பறிக்கும் சடங்காகச் சுருங்கிவிடும். நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் சட்டத் தகுதியிழப்பு இல்லை என்று 12-ஆம் பிரிவு சொல்வதை அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். அப்பிரிவு குற்றத் தீர்ப்பையே துடைத்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருப்பதையும் கூடவே சொல்லிவிட்டால் பிற்பாடு ஏமாற்றம் நேராது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம், 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டில் பொருள் திருப்பித் தரப்பட்டால் சமூக சேவையையே தண்டனையாக்கியிருப்பதால், சிறைக்கு வெளியே நிறைவேறும் தண்டனைகளை ஒழுங்காக நடத்திக்காட்ட வேண்டிய பொறுப்பு இனி கூடவே செய்யும்.

இறுதியாக ஒரு யோசனை. இந்தியாவின் தேசியச் சிறைப் புள்ளிவிவரம் உள்ளே இருப்பவர்களை எண்ணுகிறதே தவிர, வெளியே போனவர்களை ஆண்டுதோறும் பின்தொடர்வதில்லை. பரிந்துரைத்தபடி விடுவிக்கப்பட்டவர், பரிந்துரைத்தும் சிறைக்கு அனுப்பப்பட்டவர், பரிந்துரைக்கப்படாதவர் என்று மூன்று பகுதியாக ஒரு பதிவேட்டைத் தொடங்கி, ஒவ்வொருவரும் மூன்று ஆண்டுகளில் வேலையில் நிலைத்தாரா, ஊரில் இருக்கிறாரா, புதிய வழக்கு உண்டா என்பதை, அவர்களின் அந்தரங்கம் வெளியே போகாதபடி, இளம் அலுவலர் குறித்துவர வேண்டும். தம் கணிப்பு எங்கெங்கே தவறியது என்பதை அது அவருக்கே காட்டும். இந்தப் பையனை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று நீதிபதி கேட்கும் நாளில், தம் மாவட்டத்து அனுபவக் கணக்கை எடுத்துவைத்து அவரால் பதில் சொல்லவும் முடியும்.