பழைய விஞ்ஞானப் புனைகதைகளும் வாசகர் வரையும் புதிய அட்டைகளும்

(க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு)

எங்கள் உம்மம்மாவுக்குப் புத்தகங்களின் பெயர் நினைவில் நிற்பதில்லை. "அந்த நீல மட்டைப் புத்தகம், முன்னுக்கு ஒரு கப்பல் நிக்கும்" என்றுதான் சொல்வார். எழுதியவர் யார், கதை என்ன என்று கேட்டால் சிரிப்பார். மட்டையை மட்டும் மறக்கமாட்டார். நூலின் அட்டை என்பது உள்ளிருக்கும் தாள்களைக் காக்கும் வெறும் உறை அன்று என்பதை நான் முதலில் அவரிடமிருந்துதான் அறிந்துகொண்டேன்.

விஞ்ஞானப் புனைகதைகளை விரும்பி வாசிப்போரிடையே ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் மலிவுப் பதிப்பாக வந்த ஒரு நாவலை எடுத்து, அதற்குத் தாமாகவே புதிய அட்டை ஒன்றை வரைவார்கள். பதிப்பகம் கேட்பதில்லை, பணமும் கிடைப்பதில்லை. 'இந்தக் கதைக்கு இந்த முகம் பொருந்தவில்லையே' என்ற மனக்குறைதான் பென்சிலை எடுக்க வைக்கிறது. இக்கட்டுரை அந்த மனக்குறையைப் பற்றியது.

முதலில் பழைய அட்டைகள் ஏன் அப்படி இருந்தன என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1935 இல் பென்குயின் நிறுவனம் மென்னட்டை நூல்களை மலிவாக விற்கத் தொடங்கியது. அதன் அட்டையில் படமே இல்லை. நிறப் பட்டைகளும் எழுத்துகளும் மட்டும். அமெரிக்காவிலோ மென்னட்டை நூல்கள் மருந்துக் கடையிலும் பஸ் நிலையத்திலும் சஞ்சிகைகளோடு சஞ்சிகையாகத் தொங்கின. நடந்து போகிறவரை ஒரு கணம் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே ஓவியருக்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே ரொக்கெட், பச்சை நிற விலங்கு, அதன் பிடியில் அலறும் ஒரு பெண். கதைக்குள் அந்தப் பெண் ஒரு விஞ்ஞானியாகக்கூட இருக்கலாம். அட்டையில் அவளுக்கு அலறும் வேலைதான். 1952 இல் ஏஸ் நிறுவனம் இன்னொரு வேடிக்கையும் செய்தது. இரண்டு நாவல்களை முதுகோடு முதுகாகத் தலைகீழாக ஒட்டி ஒரே நூலாக்கியது. அதற்குப் பின்னட்டை கிடையாது, இரண்டுமே முன்னட்டைதான்!

எல்லோரும் அப்படி வரையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பலன்டைன் பதிப்பகத்துக்கு ரிச்சர்ட் பவர்ஸ் 1950களில் வரைந்த அட்டைகளில் இயந்திரமா உயிரா என்று தெரியாத உருவங்கள் மிதக்கும். கதையை விளக்காமல் கதையின் மனநிலையை மட்டும் தரும் அட்டைகள் அவை.

பிழையான அட்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'பிராங்கென்ஸ்டைன்' நல்ல உதாரணம். மேரி ஷெல்லி அதை எழுதத் தொடங்கிய 1816 இல் அவருக்குப் பதினெட்டு வயது, அதாவது என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. 1818 இல் நூல் வந்தபோது அதில் அவருடைய பெயர் இருக்கவில்லை. பின்னர் 1931 இல் திரைப்படம் வந்தது. தட்டையான தலையும் கழுத்தில் ஆணியுமாக ஓர் உருவம் அதில் தோன்றியது. நாவலில் அந்த ஆணி இல்லை. ஆனாலும் இன்றுவரை எத்தனையோ பதிப்புகளின் அட்டையில் அந்த ஆணி இருக்கிறது. நாவலில் அந்த உயிரி தானாகவே மொழி கற்றுக்கொள்கிறது, நூல்களை வாசிக்கிறது, தனிமையில் அழுகிறது. அட்டையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

தமிழிலும் இந்த வழக்கத்துக்கு உறவான ஒன்று உண்டு. விஞ்ஞானக் கதையல்ல, சரித்திரக் கதை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் படம் வரைந்தார். அது மீண்டும் தொடராக வந்த காலங்களில் வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். இப்போது கணினியில் வரையப் பழகும் பிள்ளைகள்கூட வந்தியத்தேவனில்தான் கைவைக்கிறார்கள். ஆனால் எல்லோருடைய வந்தியத்தேவனுக்குள்ளும் மணியத்தின் சாயல் ஒளிந்திருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு அப்படி ஒரு நிலைத்த முகம் கிடையாது. வாசகர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு ஜீனோ. வரையப் பழகும் தோழியருக்கு நான் ஜீனோவைத்தான் சிபாரிசு செய்வேன்.

அடுத்து நான் மிகவும் விரும்பும் நூல். வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற முஸ்லிம் பெண்மணி 1905 இல் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது முதலில் வெளியானது எங்கே தெரியுமா? சென்னையிலிருந்து வந்த ஒரு மாதர் சஞ்சிகையில். கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேகரித்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நீரை இழுத்து எடுக்கிறார்கள். வானூர்தியில் பறக்கிறார்கள். இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பவை பெண்களின் பல்கலைக்கழகங்கள். எழுதியவர் கனவோடு நிற்கவுமில்லை. 1911 இல் கல்கத்தாவில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையை நடத்தத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

இந்தக் கதைக்குப் பின்வந்தவர்கள் கொடுத்த முகங்களை ஒப்பிடுவது நல்ல பாடம். சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2005 இல் இதைத் துர்கா பாய் என்ற கோண்டு பழங்குடி ஓவியரின் படங்களுடன் வெளியிட்டது. புள்ளியும் கோடுமாக மரமும் மயிலும் நிறைந்த அந்த ஓவிய மரபுக்குள் வானூர்தி வந்து புகும்போது, அதுவும் ஒரு பறவையைப் போலவே ஆகிவிடுகிறது. நியூயோர்க்கில் வாழும் சித்ரா கணேஷ் 2018 இல் இதே கதைக்கு 27 அச்சோவியங்கள் செய்தார். லினோலியத் தகட்டைச் செதுக்கி மை பூசி அச்சிடும் முறை அது. கறுப்பும் வெள்ளையும் மட்டும். ஒருவர் கதையைக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறார், மற்றவர் நகரத்துக்குக் கொண்டுபோகிறார். இரண்டிலும் ரொக்கெட் இல்லை, அலறும் பெண்ணும் இல்லை. எனக்குத் துர்கா பாயின் படங்களே கூடுதலாகப் பிடிக்கும். கனவு என்றால் அதில் நிறம் வேண்டாமா?

இனி ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. நூல்களை வைத்திருப்பது குற்றம் என்று சட்டமுள்ள ஒரு நாடு. அங்கே தீயணைப்புப் படையினரின் வேலை நூல்களைக் கொளுத்துவது. தாள் தீப்பற்றும் வெப்பநிலை என்று ஆசிரியர் கருதிய எண்தான் தலைப்பு. எங்கள் அளவில் ஏறத்தாழ 233 பாகை செல்சியஸ். இக்கதையை அவர் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலக்கீழ் அறையில், அரை மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம் வாடகை கொடுத்துத் தட்டச்சுப் பொறியில் அடித்தார். நூல் எரிப்பைப் பற்றிய கதை நூலகத்துக்கு அடியிலேயே பிறந்திருக்கிறது.

1953 இல் வந்த முதற்பதிப்புக்கு ஜோசப் முக்னைனி வரைந்தார். பத்திரிகைத் தாளால் ஆன ஒரு மனிதன் முகத்தைக் கையால் மறைத்தபடி தீயில் நிற்கிறான். அதே வருடம் 200 பிரதிகள் மட்டும் தீப்பிடிக்காத அஸ்பெஸ்டஸ் உறையில் வந்தன. நூலைக் காப்பாற்ற அட்டையே முன்வந்தது போல! அதன் பிறகு வாசகர்களும் வடிவமைப்பாளர்களும் இந்த நூலை விடவேயில்லை. எலிசபெத் பெரெஸ் என்பவர் 451 என்ற எண்ணில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு நெருப்புக்குச்சியை வைத்தார். நூலின் முதுகில் நெருப்புப்பெட்டியின் உரசும் பட்டையையும் பதித்தார். குச்சியை எடுத்து உரசினால் நூலையே எரிக்கலாம். பிரான்சில் ஒரு குழுவினர் பக்கங்கள் முழுவதும் கறுப்பாக ஒரு பிரதி செய்தார்கள். சூடு காட்டினால்தான் எழுத்துத் தெரியும். சூடு ஆறினால் மறுபடி கறுத்துவிடும்.

நெருப்புக்குச்சி யோசனை என்னை மிகவும் கவர்ந்தது. பாடசாலைச் சித்திர வேலைக்காக நானும் பிறிஸ்டல் போட்டில் ஒரு குச்சி வரைந்து செம்மஞ்சள் தீட்டினேன். அதை உம்மம்மாவிடம் காட்டி, கதையையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. ஓலைச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். இதைப் பரீட்சை விடைபோல நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். உம்மம்மா சொன்னது வேறு. "எரிஞ்சதுக்கு மற்ற நாள் கரிஞ்ச தாள் காத்தில வந்து எங்கட முத்தத்தில விழுந்திச்சு புள்ள. கூட்டினா தூளாப் போயிடும். அதுக்குள்ளயும் எழுத்துத் தெரிஞ்சுது." ஒன்பது வருடம் கழித்து, 1990 ஒக்டோபர் 30 இல், இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்படி முஸ்லிம்கள் பணிக்கப்பட்டபோது, அந்த முற்றத்தையும் புத்தக அலுமாரியையும் விட்டுவிட்டுத்தான் அவரும் புத்தளத்துக்குப் போனார். நீல மட்டையில் கப்பல் நின்ற புத்தகம் அந்த அலுமாரியில் இருந்தது.

குச்சியை அழித்தேன். அந்தக் குச்சி அட்டை நன்றாக இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். அது கெட்டிக்காரத்தனமான அட்டை. ஆனால் அது தீ வைக்கிறவரின் கையிலிருந்து பார்க்கும் அட்டை. நான் முற்றத்தில் நிற்பவரின் பக்கமிருந்து பார்க்க விரும்பினேன். வெளிறிய மணல், ஓரத்தில் ஒரு விளக்குமாறு, நடுவே ஒரு கரிந்த தாள். தீ எங்குமில்லை. அட்டையைச் சிறிதாக்கினாலும் விளங்க வேண்டும் என்பதற்காகத் தாளைப் பெரிதாகவே வரைந்தேன். கடையின் அலுமாரியில் தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பது அட்டை வரைபவர்கள் எல்லோரும் கைக்கொள்ளும் விதி. தலைப்பைக் கீழே சிறிய எழுத்தில் வைத்தேன்.

உம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கரித்தாள் இவ்வளவு பெரிசில்ல" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்து, நடுவிலே விரலால் ஒரு சிறு வட்டம் காட்டினார்.

விதியை விட்டுவிட்டு, அந்த அளவுக்கே திருத்தி வரைந்தேன்.