முதல் வரியிலேயே பதில்

அழகிப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் நடைக்கும் கவுனுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெட்டுவிட்டு, நேர்காணலுக்கு மட்டும் கடைசி வாரத்தில் ஐம்பது கேள்வி-பதிலை உருப்போட உட்காருகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது, கடைசியில் மிஞ்சும் ஐந்தாறு பேரிடம் கேட்கப்படும் மேடைக் கேள்வியை. பெரும்பாலான பெரிய போட்டிகளில் அதற்கு முன்பே மூடிய அறையில் நடுவர்கள் ஒவ்வொருவரிடமும் பேசி மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். மேடை வரை யார் போவது என்பதில் அந்த அறைக்குப் பெரிய பங்கு உண்டு. மிஸ் அமெரிக்கா போட்டி 2018இல் நீச்சலுடைச் சுற்றையே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் நடுவர்களோடு பேசும் சுற்றை வைத்தது. பேச்சை ஒப்புக்கு ஒரு சுற்று என்று நினைத்துப் போகிறவர்கள் இனியாவது கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

முதல் வேலை, விண்ணப்பப் படிவம். மூடிய அறையில் நடுவர் கையில் இருப்பது நீங்கள் நிரப்பிக் கொடுத்த தாள்தான். அதாவது கேள்வித்தாளில் பாதியை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். ‘பொழுதுபோக்கு: வாசிப்பு, இசை, பயணம்’ என்று எழுதினால், ‘கடைசியாக என்ன வாசித்தீர்கள்?’ என்பதுதான் கேள்வியாக வரும், முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். அதையே, ‘மார்கழி முழுக்கப் புள்ளிக்கோலம், இருபத்தொரு புள்ளிக்குக் குறைந்து போடுவதில்லை’ என்று எழுதிப் பாருங்கள். கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் ஊர், ஓர் ஆள், ஓர் எண் இருக்க வேண்டும். இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

அடுத்தது முதல் வாக்கியம். பயிற்சி நேரத்தில் முக்கால் பங்கை இதற்கே கொடுங்கள். மேடையில் கிடைப்பது அரை நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்; நிதானமாகப் பேசினால் நாலைந்து வாக்கியம் தேறும். அதில் இரண்டை ‘மிக நல்ல கேள்வி, இந்த வாய்ப்புக்கு நன்றி’ என்று கரைத்துவிட்டால் மிச்சம் என்ன? 2018 மிஸ் இந்தியா இறுதிச் சுற்றில் திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸிடம், வெற்றி, தோல்வி இரண்டில் எது நல்ல ஆசான் என்று கேட்டார்கள். தோல்விதான் என்று எடுத்த எடுப்பில் சொன்னார். வெற்றி தொடர்ந்து வந்தால் மனம் நிறைந்து வளர்ச்சி நின்றுவிடும், தோல்வி உழைக்கத் தூண்டும் என்ற காரணம் அதற்குப் பிறகுதான் வந்தது. லாரா தத்தாவுக்கு 2000இல் சைப்ரஸில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் கிடைத்தது இன்னும் சிக்கலான கேள்வி: இந்தப் போட்டியே பெண்களை அவமதிக்கிறது என்று வெளியே போராடுகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? அவர் போராடியவர்களைத் தாக்கவும் இல்லை, சமாதானம் பேசவும் இல்லை. இளம்பெண்கள் விரும்பிய துறைக்குள் நுழைய இது ஒரு மேடை என்று தன் கட்சியை முதலிலேயே வைத்தார், தொழில், ராணுவம், அரசியல் என்று துறைகளை அடுக்கினார், முடித்துக்கொண்டார். இருவரும் யோசித்த இடம் ஒன்றுதான்: பேசத் தொடங்குவதற்கு முன்னால்.

இதற்குப் பயிற்சி எளிது, அலுப்பானதும்கூட. முப்பது கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டிபன் பாக்ஸில் போடுங்கள். தினம் ஐந்து சீட்டு எடுத்து, போனில் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டாம், முகத்தையும் முடியையும் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும். பிறகு பேசியதை ‘அது வந்து’, ‘ஆக்சுவலி’ உட்பட ஒரு சொல் விடாமல் தாளில் எழுதுங்கள். கேள்விக்கு உண்மையில் விடை சொல்கிற வாக்கியத்தின் கீழே கோடு போடுங்கள். முதல் நாள் அந்தக் கோடு பெரும்பாலும் நாலாவது வாக்கியத்தின் கீழே விழும். அது முதல் வாக்கியத்துக்கு ஏறி வரும்வரை டப்பாவை மூட வேண்டாம். விடை, ஒரு காரணம், ஓர் உதாரணம், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. 2007 மிஸ் டீன் யுஎஸ்ஏ போட்டியில் அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்கு வரைபடத்தில் சொந்த நாட்டைக் காட்டத் தெரியாதது ஏன் என்ற கேள்விக்கு, ஒரு போட்டியாளர் சொன்ன பதில் யூடியூபில் உலகம் சுற்றியது. பலர் கவனிக்காத ஒன்று: சிலரிடம் வரைபடமே இல்லை என்று தொடக்கத்திலேயே அவர் ஒரு விடை சொல்லிவிட்டார். சுமாரான விடைதான், ஆனால் அங்கேயே நிறுத்தியிருந்தால் மறுநாளே எல்லாரும் மறந்திருப்பார்கள். தென்னாப்பிரிக்கா, ஈராக் என்று நீட்டியதுதான் வினையாயிற்று.

உருப்போடாமல் போனால் வாயடைத்துப் போகாதா என்று கேட்கலாம். உருப்போட்டவர்கள்தான் அதிகம் அடைபடுகிறார்கள். ஒரு சொல் தவறினால் அடுத்த வரி வராது. கேள்வியும் மனப்பாடம் செய்ததைப் போலவே வராது, ஒரு சுழி மாறித்தான் வரும். மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் வாழ்க்கையிலிருந்து பத்துச் சம்பவங்களைச் செய்யுங்கள், எந்தக் கேள்விக்கும் அவற்றில் ஒன்று உதாரணமாகப் பொருந்தும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்து நடுவர் கோபிப்பார் என்பது இன்னொரு பயம். ‘இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது’ என்பதை நடுவர்கள் அன்றே பத்து முறை கேட்டிருப்பார்கள். தீர்ப்புச் சொல்ல முடியாத அரசியல் கேள்வி என்றால், அதில் உங்களுக்கு எது முக்கியம் என்றாவது சொல்லுங்கள். பாதுகாப்பு, படிப்பு, சுதந்திரம், ஏதாவது ஒன்று.

விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு வலுவான எதிர்வாதம் பிரியங்கா சோப்ரா. 2000 உலக அழகிப் போட்டியில், இன்று உயிரோடிருக்கும் பெண்களில் மிக வெற்றிகரமானவர் யார் என்ற கேள்விக்கு அன்னை தெரசா என்றார். அன்னை 1997லேயே மறைந்துவிட்டார். மகுடம் பிரியங்காவுக்கே கிடைத்தது. அப்படியானால் விவரம் முக்கியமில்லையா? முக்கியம்தான், அந்தத் தவறைக் கால் நூற்றாண்டாகியும் ஊர் விடவில்லையே. யாரை, ஏன் என்று தயங்காமல் சொன்ன உறுதி அன்று அவரைக் காப்பாற்றியிருக்கலாம், அதை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம். கேள்வியின் சாவிச் சொல்லை முதல் வாக்கியத்திலேயே திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். ‘இன்று வாழ்பவர்களில்’ என்று தொடங்கியிருந்தால் அந்தப் பெயர் நாக்கில் ஏறியிருக்காது.

ஆங்கிலம் சரளமில்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். 2018 பிரபஞ்ச அழகிப் போட்டியில் வியட்நாமின் ஹென் நியே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே முதல் ஐந்து பேரில் ஒருவராக வந்தார். மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத போட்டி என்றால், முடிவைத் தமிழில் எடுத்துவிட்டு, ஆறேழு சொல்லுக்கு மிகாத ஆங்கில வாக்கியங்களில் சொல்லுங்கள். அமெரிக்க உச்சரிப்பு தேவையில்லை, அரைகுறையாக வந்தால் எரிச்சல்தான்.

பயிற்சியை அன்று போடப்போகும் ஹீல்ஸிலேயே நின்றபடி செய்யுங்கள், கால் வலித்தால் பேச்சு தானாக வேகமெடுக்கும். கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, உங்களுக்கும் யோசிக்கப் பத்து விநாடி கிடைக்கும்.