பழைய அலுமினிய வள்ளமோ? கார்ப்பெற் வெட்ட முதல் இதை வாசியுங்கோ

பனி கரைஞ்சு ட்ரைவ்வே தெரியத் தொடங்கினால் காணும், ஒன்ராறியோவில இருக்கிற எங்கட தம்பிமாருக்குக் கை துருதுருக்கும். கிஜிஜியில பன்னிரண்டு, பதினாலு அடியில ஒரு பழைய அலுமினிய வள்ளம் ட்ரெயிலரோட மலிவா அகப்படும். அதைக் கொண்டுவந்து கராஜ் வாசலில விட்டதும் முதல் வேலை என்ன? யூடியூபைப் பார்த்து முன்பக்கம் ஒரு தட்டு அடிக்கிறது, அதுக்கு மேல கார்ப்பெற் ஒட்டுறது, சுழல்கதிரை ரெண்டு பூட்டுறது. கடைசியாச் செய்யவேண்டியதை எல்லாம் முதலில செய்துபோட்டு, ஜூலையில சிம்கோ ஏரியில காலுக்குக் கீழ தண்ணி ஊறேக்கை, ஒட்டின கார்ப்பெற்றைக் கிழிச்சு ஓட்டை தேடுறது.

உங்களுக்கு நேரமில்லை எண்டு தெரியும். வேலை, ஓவர்டைம், பிள்ளையளை வகுப்புக்கு ஏத்தி இறக்கிறது. அதால நான் சொல்லுற ஒழுங்கில செய்யுங்கோ. தங்கச்சிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். வள்ளம் ஓட்டுற பிள்ளையள் இப்ப கனபேர் இருக்கினம்.

1. முதலில தகட்டை வாசியுங்கோ.
வள்ளத்துக்கு உள்பக்கம் சின்னத் தகடோ ஸ்ரிக்கரோ ஒண்டு ஒட்டியிருக்கும். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரைவலு மோட்டர் எண்டு அதில இருக்கு. அந்தப் பாரக் கணக்குக்குள்ள ஆக்கள், மோட்டர், பெற்றோல், பற்றரி, நீங்கள் அடிக்கப்போற பலகை எல்லாம் அடங்கவேணும். நாலுக்கு எட்டு அடி, முக்கால் அங்குல பிளைவூட் ஒரு தாள் 27 கிலோ மட்டில வரும். ரெண்டு தாள் அடிச்சியள் எண்டால் மச்சானைக் கரையில விட்டிட்டுப் போகவேண்டியதுதான். அரை அங்குலம் போதும். கீழ சட்டத்தை நெருக்கமா வையுங்கோ.

2. ஓட்டையை வீட்டு வாசலிலேயே பிடியுங்கோ.
ஏரியில விட்டுப் பார்க்கத் தேவையில்லை. ட்ரெயிலரில வைச்சபடியே அடியில ரெண்டு மூண்டு அங்குலம் தண்ணி விடுங்கோ. வெளியில எங்க சொட்டுதோ அங்க மார்க்கரால வட்டம் போடுங்கோ. விளிம்பு மட்டும் நிரப்பாதேங்கோ. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ட்ரெயிலரும் வளையும், அடித்தகடும் வளையும்.

சொட்டுறது அனேகமா இளகின றிவெற்றுகள்தான். ஒருத்தர் வெளியில றிவெற் தலையில பாரமான இரும்பை அமத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளுக்கிருந்து சுத்தியலால அடிச்சால் பாதிக்கு மேல இறுகிவிடும். பிறகு உள்பக்கம் வள்ளத்துக்கெண்டு வாற எப்பொக்ஸி பூசுங்கோ. இறுகாததைத் துளைச்சு எடுத்துப்போட்டு, முனை மூடின பொப் றிவெற்றை மரீன் சீலன்ற் தடவிப் போடுங்கோ. முனை திறந்த சாதாரண பொப் றிவெற் நடுவால தண்ணி விடும்.

குளியலறைக்குப் பூசுற சிலிக்கனைக் கையால தொடாதேங்கோ. கொஞ்ச நாளில உரியும். அதை விடக் கரைச்சல், அது பட்ட இடத்தில பிறகு பெயின்றும் பிடியாது, வேற பசையும் பிடியாது.

3. பின்பலகையைத் தட்டிப் பாருங்கோ.
மோட்டர் பூட்டுற பின்பக்கத்தில மரம் இருக்கும். சுத்தியலால தட்டினால் 'டக்' எண்டு கேட்கவேணும். 'தொப்' எண்டால் உக்கிப்போச்சு. ஸ்குரூட்றைவரால குத்திப் பாருங்கோ, உள்ளுக்குப் போனால் மாத்துங்கோ. மேல பெயின்ற் அடிச்சு மறைக்கிற ஆக்கள் இருக்கினம். உக்கின மரத்தில பூட்டினால், ஓடிக்கொண்டிருக்கேக்கை மோட்டர் கழண்டு ஏரிக்குள்ள போகும்.

4. எந்த மரம், எந்த ஆணி: இதில பிழை விட்டால் வள்ளமே போச்சு.
இதை மட்டும் ரெண்டு தரம் வாசியுங்கோ. ஹோம் டிப்போவில பச்சை நிறம் ஓடின பிறெஷர் ட்ரீற்றட் பலகை இருக்கும். "வெளியில போடுற மரம், உக்காது, விலையும் பரவாயில்லை" எண்டு வண்டியில ஏத்துவியள். ஏத்தாதேங்கோ. 2003 முடிவோட கனடாவிலயும் அமெரிக்காவிலயும் வீட்டுப் பாவனை மரத்துக்கு ஆர்செனிக் மருந்து போடுறதை நிற்பாட்டிச்சினம். அதுக்குப் பதிலா வந்த மருந்துகளில செம்பு கூட. செம்பும் அலுமினியமும் ஈரத்தில ஒண்டோட ஒண்டு பட்டால் அலுமினியம்தான் கரையும்.

அப்பிடி அடிச்ச தட்டைக் கழட்டிப் பார்த்தால் தெரியும். பலகை பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பொடி பூத்திருக்கும். விரலால தேய்ச்சால் பொடி கொட்டும், கீழ குண்டூசிக் குத்து மாதிரி குழி. ரோர்ச்சை மற்றப் பக்கம் பிடிச்சால் சில குழிக்குள்ளால வெளிச்சமும் வரும். சின்ன வள்ளத்தின்ர தகடு அனேகமா ரெண்டு மில்லிமீற்றர் கூட வராது. அது தாங்காது.

எனவே:
• மருந்து போடாத வெளிப்பாவனைப் பிளைவூட் எடுங்கோ. வெட்டின விளிம்பு, துளைச்ச துளை எல்லாத்துக்கும் எப்பொக்ஸி பூசுங்கோ. தண்ணி குடிக்கிறது விளிம்பாலதான். மேற்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கி ஒரு பிரயோசனமும் இல்லை.
• சாதாரண இரும்பு ஸ்குரூ வேண்டாம். அலுமினிய றிவெற் நல்லது. ஸ்ரெயின்லெஸ் போல்ற் போடத்தான் வேணுமெண்டால் நைலோன் வோஷர் வைச்சு, சீலன்ற் தடவிப் பூட்டுங்கோ.
• ஸ்ரீல் வூலால தேய்க்காதேங்கோ. இரும்புத் துகள் தகட்டில ஏறி, பிறகு கறள் பிடிக்கும். சட்டி மினுக்கிற பச்சைத் துண்டு காணும்.
• செப்புச் சதமும் ஈயக் குண்டும் அடியில விழுந்து ஈரத்தில கிடக்க விடாதேங்கோ. அதுவும் அரிக்கும். சதம் அடிக்கிறதை 2012இல நிற்பாட்டினாலும் பழைய வள்ளத்தின்ர மூலையில ஒண்டு ரெண்டு கிடக்கும், கூட்டி எடுங்கோ.

5. குறுக்கு இருக்கையை வெட்டாதேங்கோ.
நடு இருக்கையை வெட்டி எடுத்தால் காலாற நடக்கலாம் எண்டு ஆருக்கும் ஆசைதான். அந்த இருக்கைதான் ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சிருக்கு. எடுத்தால் அலையில பக்கங்கள் விரிஞ்சு, ஓட்டை அடைச்ச றிவெற்றெல்லாம் திரும்ப இளகும். எடுக்கிறதெண்டால் அதுக்குப் பதிலா ரெண்டு பக்கத்தையும் பிணைக்கிற அலுமினியச் சட்டம் போட்ட பிறகுதான்.

இருக்கைக்குள்ள ஃபோம் இருக்கும். வள்ளம் தண்ணியால நிரம்பினாலும் தாழாமல் வைச்சிருக்கிறது அதுதான். ஒரு கன அடி ஃபோம் 27 கிலோ மட்டில தாங்கும். அதை எறிஞ்சுபோட்டு அந்த இடத்தில பியர் வைக்கிற பெட்டி செய்யிறியள், எனக்குத் தெரியும். பழைய ஃபோம் தண்ணி ஊறிப் பாரமாக் கிடந்தால் மாத்தத்தான் வேணும். அப்ப கட்டிட வேலைக்கு வாற பிங்க் நிற ஃபோம் தாளை வெட்டி வையுங்கோ, ஆனால் பெற்றோல் பட்டால் அது கரைஞ்சு போகும், பெற்றோல் ராங்குக்குக் கிட்ட வேண்டாம். இன்னொண்டு: எல்லா ஃபோமையும் அடித்தளத்துக்குக் கீழ மட்டும் அடையாதேங்கோ. தண்ணி நிரம்பினால் கீழ இருக்கிற ஃபோம் மேல வரப் பார்க்கும், வள்ளம் தலைகீழாப் புரளும். பக்கங்களில உயரத்தில கொஞ்சம் இருக்கவேணும்.

6. தட்டைப் பதிவா அடியுங்கோ.
உயரத்தில நிண்டு தூண்டில் எறியிறது வடிவுதான். ஆள் எவ்வளவு உயரத்தில நிக்கிறாரோ அவ்வளவுக்கு வள்ளம் ஆடும். தட்டையான அடி உள்ள ஜோன் போட் கொஞ்சம் பொறுக்கும். கூரான அடியில இருக்கை மட்டத்துக்கு மேல போகாதேங்கோ. பலகையைப் பசையால ஒட்டாமல் கழட்டக்கூடிய மாதிரிப் பூட்டுங்கோ. கீழ கழுவ வேணும், றிவெற் பார்க்க வேணும்.

கார்ப்பெற் என்ர கருத்தில வேண்டாத வேலை. ஈரம் பிடிச்சு வைச்சிருக்கும், நாறும், தூண்டில் முள்ளு மாட்டினால் குறட்டால இழுக்கவேணும். ஈவிஏ ஃபோம் மற் ஒட்டினால் கால் வழுக்காது, சாமான் விழுந்தாலும் 'டமார்' எண்டு சத்தம் வராது.

7. வயர் வேலை.
• காரில மாதிரி உடம்பை நெகற்றிவ்வாப் பாவிக்காதேங்கோ. கசியிற மின்சாரம் அலுமினியத்தைத் தின்னும். எல்லாத்துக்கும் ரெண்டு வயர், வெள்ளீயம் பூசின மரீன் வயர்.
• பியூஸோ பிறேக்கரோ பற்றரியில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கவேணும். பியூஸுக்கு முதல் எங்கயும் வயர் உரசினால் நெருப்பு.
• ட்ரோலிங் மோட்டர்: ஆளோட, சாமானோட மொத்தப் பாரத்தில ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் குறைஞ்சது 2 இறாத்தல் தள்ளுவிசை. 55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில 50 ஆம்பியர் மட்டில இழுக்கும், அதுக்கேத்த தடிச்ச வயர் போடுங்கோ.
• காரில கழட்டின பற்றரி வேண்டாம், கெதியாச் செத்துப்போகும். டீப் சைக்கிள் எடுங்கோ. லிதியம் பாரம் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழ சார்ஜ் பண்ணக்கூடாது, குளிருக்கு வீட்டுக்குள்ள எடுங்கோ.
• மோட்டரும் நீங்களும் பின்னுக்கு, பற்றரியும் பின்னுக்கெண்டால் மூக்கு வானத்தைப் பார்க்கும். பற்றரியை முன்னுக்கு வைச்சுப் பெல்ற்றால கட்டுங்கோ.

8. துளை போட முதல் பத்துத் தரம் யோசியுங்கோ.
மீன் காட்டுற கருவிக்குப் பின்பலகையில துளை போடவேணும். அடுத்த வருசம் வேற கருவி, வேற துளை. குசினியில கிடக்கிற தடிச்ச வெள்ளைப் பிளாஸ்ரிக் வெட்டுப்பலகையில ஒரு துண்டு வெட்டி, அதை ஒருக்காப் பூட்டுங்கோ. பிறகு வாறதெல்லாம் அந்தப் பலகையில ஸ்குரூப் பண்ணுங்கோ. மனுசியிட்டைக் கேட்டு எடுங்கோ.

9. பெயின்ற்.
அலுமினியத்துக்கெண்டு வாற செல்ஃப் எச்சிங் பிறைமர் அடிக்காமல் மேல எதை அடிச்சாலும் உரியும். உள்பக்கத்துக்குக் கறுப்பு வேண்டாம், வெயிலில கால் வேகும்.

10. கடதாசி அலுவல்.
சின்னக் கரண்ட் மோட்டர் எண்டாலும் வள்ளம் ஓட்டுற ஆளுக்கு ஓப்பரேற்றர் கார்ட் வேணும். மோட்டர் 10 குதிரைவலுவோ மேலயோ எண்டால் லைசென்ஸ் எண்ணை முன்பக்கம் ரெண்டு புறமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்தில ஒட்டுங்கோ. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கற், 15 மீற்றர் மிதக்கிற கயிறு, தண்ணி அள்ளுற பாத்திரம், விசில், துடுப்பு. இதுகளுக்கு இடம் விட்டிட்டு மிச்ச இடத்தில உங்கட தட்டையும் கதிரையையும் திட்டம் போடுங்கோ. பிள்ளையின்ர ஜாக்கற் பிள்ளையின்ர அளவில இருக்கவேணும், "வளர்ந்தால் போடலாம்" எண்டு பெரிசா வாங்கிறது சட்டையோட நிக்கட்டும்.

ஒரு சனி ஞாயிறுதான் கையில இருக்கெண்டால்: ஓட்டை பாருங்கோ, பின்பலகையைத் தட்டுங்கோ, மற் விரியுங்கோ, கதிரையும் தூண்டில் தாங்கியும் இறுக்கிப் பூட்டுற வகையில வாங்குங்கோ. துளையும் இல்லை, மரமும் இல்லை. தட்டு வேலையை வாற குளிருக்கு விடுங்கோ, மீன் எங்கயும் போகாது.

பின்பக்கத்தில தண்ணி வடியிற துளைக்குப் போடுற அடைப்பானில இன்னொண்டு வாங்கி ட்ரெயிலர் பூட்டுத் திறப்போட கட்டிவிடுங்கோ. அதைப் போட மறந்து வள்ளத்தை இறக்காத ஆள் ஒருத்தரும் இல்லை, நீங்களும் மறப்பியள்.