மூன்று பட்டையா, ஒரு நட்சத்திரமா?

கேள்வி: ராணுவத்தில் 19 ஆண்டு முடித்த ஹவில்தார் நான். பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சியில் தேறிவிட்டேன். நாயப் சுபேதார் ஆகும்வரை இருக்கட்டுமா? மனைவி ஊருக்கு வரச் சொல்கிறார்.
– வேலூர் மாவட்ட வாசகர்

பதில்: 15 ஆண்டு தாண்டிவிட்டதால் பென்ஷனுக்குப் பழுதில்லை. ஆனால் விலகுவதாக எழுதிக் கொடுக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். 2015 நவம்பர் உத்தரவுக்குப் பிறகு சொந்த விருப்பத்தில் விலகுவோருக்கு 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' பலன் கிடையாது. இதைக் கேட்காமலே பெட்டி கட்டியவர்கள் உண்டு.

சம்பளக் கணக்கிலும் மயங்க வேண்டாம். ஹவில்தாருக்கு 29,200, நாயப் சுபேதாருக்கு 35,400 என்பதெல்லாம் ஏழாவது ஊதியக் குழுவின் தொடக்கப் படிகள். இத்தனை இன்கிரிமென்ட் வாங்கிய உங்களுக்குப் பதவி உயர்வன்று அந்த 6,200 அப்படியே கூடாது. ஏறத்தாழ ஒரு இன்கிரிமென்ட்தான். பென்ஷனில் கூடுவது அதில் பாதி. தோளில் ஏறும் நட்சத்திரத்தின் மதிப்பு வேறு, அதை நான் குறைக்கவில்லை.

ரெக்கார்டு ஆபீசில் சீனியாரிட்டியில் எத்தனையாவது ஆள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடத்துக்குள் முறை வரும் என்றால் இருங்கள். அதற்கு மேல் என்றால், நாற்பதுக்குள் வெளியே வருகிறவருக்கு வேலை தருகிறவர்கள் நாற்பத்தைந்தில் யோசிப்பார்கள். அந்தக் காகிதத்தோடு லீவில் வந்து மனைவியிடம் பேசுங்கள். போனில் வேண்டாம்.