கால்கள் இறுகும் குழந்தை: ஆர்ஜினேஸ் நொதிக் குறைபாடு

பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அது மூளைக்கு நஞ்சாகும். ஆதலால் கல்லீரல் அதனைப் பல படிகளில் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் யூரியாவை வெளியேற்றுகின்றன. யூரியா சுழற்சி எனப்படும் இதனை 1932ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸ், கர்ட் ஹென்சலெய்ட் ஆகிய இருவரும் கண்டறிந்தனர்.

இச்சுழற்சியின் கடைசிப் படியை நிறைவேற்றுவது ஆர்ஜினேஸ் என்னும் நொதி. நீரின் துணைகொண்டு மூலக்கூறுகளைப் பிளக்கும் நொதிகளுள் இதுவும் ஒன்று. ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை இது யூரியாவாகவும் ஆர்னிதினாகவும் பிரிக்கிறது. ஆர்னிதினில் ஒரு பகுதி, உயிரணுக்கள் பெருகுவதற்குத் தேவையான பாலிஅமீன்களாக மாறுகிறது.

பிறவியிலேயே இந்நொதி குறைந்திருந்தால் இரத்தத்தில் ஆர்ஜினின் தேங்குகிறது. அம்மோனியாவும் அவ்வப்போது உயர்கிறது. இத்தகைய குழந்தை முதல் ஆண்டில் பெரும்பாலும் இயல்பாகவே வளரும். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் கால்கள் இறுகத் தொடங்கும், நுனிக்காலில் நடக்கும், கற்ற சொற்களை மறக்கும், சிலருக்கு வலிப்பும் வரும். பருப்புச் சோற்றையும் முட்டையையும் ஒதுக்கும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று கடிந்துகொள்கிறோம். சில வேளைகளில் உடலே அவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது.

இக்குறைபாட்டை மூளை முடக்குவாதம் என்று கருதிவிடும் வாய்ப்பு மிகுதி. ஆனால் மூளை முடக்குவாதம் நாளடைவில் மோசமாகும் நோயன்று. குழந்தையின் நிலை மாதந்தோறும் பின்னடைந்தால், காரணத்தை மீண்டும் ஆராய வேண்டும். வழக்கமான யூரியா சோதனை மட்டும் இதற்குப் போதாது. இரத்த அம்மோனியா, அமினோ அமில அளவுகள், தேவையெனில் மரபணுச் சோதனை ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அம்மோனியாவுக்கான இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து விரைவாக ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

இது மிக அரிய நோய். கால் இறுக்கமுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இது இருப்பதில்லை. எனினும் அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்றும் உண்டு. நலமாக உள்ள தாய், தந்தை இருவரும் ஒரே பழுதுற்ற மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. இதில் தாயின் குற்றம் எதுவுமில்லை என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் உணர்தல் நன்று.

நோய் உறுதியானால் புரதம் அளந்து தரப்படும். அம்மோனியாவைக் குறைக்கச் சோடியம் பென்சோயேட் போன்ற மருந்துகளும் உண்டு. புரதத்தை முற்றிலும் நிறுத்துவது தவறு. குற்றாலச் சாரல் காலத்தில் காய்ச்சல் கண்டு குழந்தை உண்ணாதிருந்தால், உடல் தன் தசைப் புரதத்தையே சிதைக்கும்; அம்மோனியா ஏறும். வாந்தியோ மயக்கமோ தோன்றினால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்தும் அம்மோனியாவை உயர்த்தக்கூடும். அதனை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் யூரியா சுழற்சிக் குறைபாடுகள் இடம்பெற்றுள்ளன. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட மையங்கள் வழியாகவே நிதியுதவி கிடைக்கும். செங்கோட்டை வழியே சென்றடையக்கூடிய திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அவற்றுள் ஒன்று. செல்லும்போது பழைய சோதனை முடிவுகளையும், குழந்தை நடந்த, பேசிய நாட்களின் கைப்பேசிப் பதிவுகளையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.